நாலு விரல் இடம்

எங்கள் செல்லிபாளையத்தில் புது ஆள் யாராவது வழி கேட்டால், பைபாஸ் பாலத்துக்கு அடியில் நுழைந்து வேப்பமரத்தைத் தாண்டுங்கள், அங்கே ஒரு பஸ் நிற்கும், அதில் ஏறிக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்புவோம். கீழே நின்று கேட்கச் சொல்ல மாட்டோம், ஏனென்றால் ஏறினால்தான் அந்த பஸ் என்ன செய்கிறது என்று தெரியும், தெரிந்த பிறகு வந்தவர் கேட்க வந்த வழியையே மறந்துவிட்டு எங்களைப் போல ஒரு ஓரமாக உட்கார்ந்துவிடுவார்.

அந்த பஸ்ஸில் ஒரு ஆள் ஏறினால் அது உள்ளே நாலு விரல் அகலமாகும். இறங்கினால் நாலு விரல் குறையும். வெளியே இருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் இருக்காது. விஷயம் அவ்வளவுதான். ஏன் அப்படி என்று கேட்டவர்கள் யாரும் ரொம்ப நேரம் கேட்டதில்லை.

சென்னியப்பண்ணன் அந்த பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நெற்றியில் செல்லாண்டியம்மன் என்று எழுதியிருந்த அந்தத் தனியார் டவுன் பஸ் கரூருக்கும் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கும் ஓடிக்கொண்டிருந்த காலமெல்லாம், முன்னால போங்க, முன்னால போங்க, உள்ள எடம் இருக்குது என்று அவர் கத்தாத நாள் இல்லை. எல்லாக் கண்டக்டர்களும் சொல்கிற பொய்தான் அது, ஆனால் இவர் சொன்னால் உள்ளே இடம் இருந்தது. தீபாவளிக்கு முந்தின நாள்கூட அந்த பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு யாரும் போனதில்லை. அவருடைய குரலுக்கு அப்படி ஒரு சக்தி என்று நாங்களும் நினைத்தோம், அவரும் கொஞ்சம் நினைத்துக்கொண்டார், பஸ் எதையும் மறுத்துப் பேசவில்லை.

பிறகு நாலு வழிச் சாலை வந்தது, அவருடைய வீடு சாலைக்குள் போனது, அதே சமயத்தில் பஸ் கம்பெனியும் மூடிவிட, முதலாளி எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு கூட்டை அவரிடமே கொடுத்துவிட்டார். சாலைக்குத் தப்பிய துண்டு நிலத்தில் அதை நிறுத்தி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, டிரைவர் உட்கார்ந்த இடத்தில் அவருடைய மனைவி துளசிமணியக்கா அடுப்பு வைத்தார், கியர் கம்பி இருந்த இடத்தில் அஞ்சறைப் பெட்டி உட்கார்ந்தது. ஒரே ஒரு நீள சீட்டை மட்டும் சென்னியப்பண்ணன் கழற்ற விடவில்லை. வருகிறவர்கள் உட்கார வேண்டாமா என்றார்.

வராமல் இருந்தது அவர்களுடைய மகள் சுகந்திதான். தாராபுரம் பக்கம் கட்டிக் கொடுத்த பெண். முதலில் தங்கியது ஒன்று பாதியிலேயே போய்விட்டது, வெகுநாள் கழித்து இப்போதுதான் மறுபடி நின்றிருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்களில் வழக்கம், பிரசவம் பெரியாஸ்பத்திரியில் நடந்தாலும் அதற்கு முன்னும் பின்னும் பெண் தாயிடம் இருக்க வேண்டும். வளைகாப்பு முடிந்ததும் துளசிமணியக்கா கேட்டார். சம்பந்தியம்மா பொன்னாத்தாள் கெட்டவர் இல்லை, ஆனால் சொன்னதைச் சொன்னபடி சொல்பவர்.

"குத்தமா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பஸ்ஸுங்கறது நாலு பேரு ஏறி எறங்கற எடம். பச்ச ஒடம்புக்காரி படுக்கறதுக்கு ஒரு செவுரு வேணுமல்லங்க? செவுரும் கதவும் வெச்சுப்போட்டுச் சொல்லுங்க, நானே கொண்டாந்து வுடறேன். இல்லீன்னா இங்கியே இருந்துக்கட்டும்."

துளசிமணியக்கா வந்து இரண்டு வேளை சாப்பிடவில்லை. போன தடவை மகள் வலியில் கிடந்தபோது தான் பக்கத்தில் இல்லாமல் போனதை அவரால் மறக்க முடியவில்லை, இந்தத் தடவையும் இல்லாமல் போனால் தான் எதற்குப் பெற்றவள் என்று கேட்டார். ஒரு சுவர்தானே, நாளைக்கே வைத்துவிடலாம் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். அப்படித்தான் நாட்ராயண்ணனைக் கூப்பிட்டோம்.

நாட்ராயண்ணன் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்பவர், எங்கள் ஊரிலேயே அதிகக் கோபக்காரர், காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். பஸ்ஸுக்குள் நேர்கோடு என்று ஒன்று கிடையாது என்று அவர்தான் எங்களுக்கு விளக்கினார்: கூரை வளைகிறது, ஜன்னலுக்குக் கீழே தகரம் தொப்பை போடுகிறது, சக்கரத்துக்கு மேலே தரை மேடாகிறது. அதனால் பிளைவுட்டை நேரடியாக அறுத்தால் வீணாகும், முதலில் அட்டையில் மாதிரி வெட்ட வேண்டும். அவர் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துக் குறுக்கே நிறுத்தி, அதன் ஓரமெல்லாம் மெல்லிய பட்டைகளை வைத்து, ஒவ்வொரு பட்டையின் நுனியும் தகரத்தைத் தொடுகிற வரைக்கும் நகர்த்தி நகர்த்தி டேப் ஒட்டினார். முடிந்தபோது அது மீன்முள் போல இருந்தது. அந்த முள் நுனிகளைச் சேர்த்துக் கோடு இழுத்து வெட்டி, வெட்டிய அட்டையைத் திரும்ப வைத்துப் பார்த்தார், அவருக்கும் சென்னியப்பண்ணனுக்கும் நடுவில் அது இம்மி பிசகாமல் நின்றது.

அந்த அட்டையை வைத்து வெளியே பிளைவுட்டை அறுத்தார். அதை உள்ளே கொண்டுபோக நாங்கள் நாலைந்து பேர் தூக்கினோம், யோசனை சொல்ல இன்னும் நாலு பேர் ஏறினார்கள். நிறுத்திப் பார்த்தால் சுவர் இந்தப் பக்கமும் தொடவில்லை, அந்தப் பக்கமும் தொடவில்லை, குழந்தைக்குப் பெரியவர் சட்டை போட்ட மாதிரி பஸ் அதைச் சுற்றித் தொளதொளவென்று இருந்தது. நாங்கள் சிரித்தோம்.

"நா வெட்டுன அட்டை பொய் சொல்லாது" என்றார் நாட்ராயண்ணன். அட்டையையும் கொண்டுவந்து வைத்தார், அட்டையும் எட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எங்களையே பிடிக்கச் சொல்லி இன்னொரு அட்டை வெட்டினார், இன்னொரு பலகை அறுத்தார், அது கச்சிதமாக உட்கார்ந்தது, நாங்கள் கை தட்டிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினோம். ஒவ்வொருவராக இறங்க இறங்க உள்ளே பலகை முனக ஆரம்பித்தது, வளைந்தது, கடைசி ஆள் இறங்கியதும் வேட்டு வெடித்த மாதிரி இரண்டாக உடைந்தது.

சென்னியப்பண்ணன் படிக்கட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறுகிற ஆளையும் இறங்குகிற ஆளையும் எண்ணியே வாழ்ந்தவர் என்பதால் அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஒரு குச்சியை ஒடித்து, பஸ்ஸுக்குள் சுவருக்குச் சுவர் முட்டும்படி குறுக்கே செருகிவிட்டு, உள்ளே நின்றபடியே "நாட்ராயா, ஏறு" என்றார். அவர் ஏறினார், குச்சி விழுந்தது. அவரை வைத்துக்கொண்டே வேறு குச்சி செருகி, "எறங்கு" என்றார். குச்சி உடைந்தது. சென்னியப்பண்ணன் பஸ்ஸின் தகரத்தைத் தடவிக்கொடுத்து, "உள்ள எடம் இருக்குதுன்னு நா பொய் சொல்லுலியாட்ட இருக்குது" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தோம், பஸ் அசையவில்லை. ஆட்டை ஏற்றினோம், ஆடு கத்தியதே தவிர இடம் வரவில்லை. பெருத்த உடம்புக்காரரான கட்சிச் செயலாளருக்கும் நாலு விரல்தான் கொடுத்தது, அவர் அளந்தவன்மேல் சந்தேகப்பட்டு இறங்கி மறுபடி ஏறினார், மறுபடியும் நாலு விரல்தான். பிறந்து ஒரு மாதமான குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் ஏறினாள், பஸ் எட்டு விரல் விட்டது. "கைக்கொழந்தைக்கு டிக்கெட்டே கெடையாதே" என்று சென்னியப்பண்ணன் முணுமுணுத்தார், அவருடைய உத்தியோகத்தில் அதுதான் முதல் சட்டம். வீட்டு வரி போட வந்தவர் டேப்பை நீட்டிக்கொண்டு உள்ளே வந்து, எத்தனை பேர் இருக்கும்போது அளப்பது என்று எங்களையே கேட்டுவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

மழையானாலும் வெயிலானாலும் எல்லாரும் அங்கேதான். மகளிர் குழுக் கூட்டம் அங்கே நடந்தது, ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது, இரண்டு பந்தி போட்டும் கை இடிக்காமல் சாப்பிட்டோம். தம்பி வீட்டில் பாரமாக இருந்துகொண்டிருந்த மயிலாத்தாள், ஒருநாள் மத்தியானம் வேறு யாரும் இல்லாதபோது வந்து, துளசிமணியக்காவைக் குச்சியைச் செருகச் சொல்லி, ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஏறும் ஒவ்வொரு தடவையும் குச்சி விழுந்தது. துளசிமணியக்கா ஏனென்று கேட்டதற்கு, "நா போன எடமெல்லாம் எனக்கொசரம் சுருங்கித்தானுங்க பாத்திருக்கறேன்" என்று சொல்லி அழுதார். எங்களில் பலருக்கும் அதுதான் கதை. தான் வந்ததால் ஒரு இடம் கொஞ்சம் பெரிதாகிறது என்பதை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தோம், பார்த்த பிறகு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை.

நாட்ராயண்ணன் மட்டும் விடவில்லை. எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கு ஒரு அட்டை வெட்டிவிட்டால் போதும், கழித்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒருநாள் எங்களையெல்லாம் அசையாமல் உட்காரச் சொல்லிப் பட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். நீள சீட்டின் கோடியில் உப்பு வண்டி ராக்கியண்ணன் வழக்கம்போலத் தூங்கிக்கொண்டிருந்தார், வெயில் தாழும் வரைக்கும் அவருக்கு அந்த இடம்தான். அளவு முடிகிற நேரத்தில் அட்டை நாட்ராயண்ணன் கையில் மெதுவாக வில்லாக வளைந்தது.

"யாரு எறங்குனது?" என்று அவர் கத்தினார்.

யாரும் இறங்கவில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம், எண்ணினோம், எண்ணிக்கை சரியாக இருந்தது. சென்னியப்பண்ணன்தான் எழுந்து போய் ராக்கியண்ணனின் கையைத் தொட்டார். தொட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து மெதுவாக அவர்மேல் போர்த்தினார். ராக்கியண்ணன் இறங்கிய சத்தம் எங்களில் யாருக்கும் கேட்கவில்லை, பஸ்ஸுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு முதல் அந்த பஸ்ஸுக்குள் ஏறும்போது செருப்பைக் கழற்ற ஆரம்பித்தோம்.

சுகந்திக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தது. துளசிமணியக்கா ஊரில் யாரிடமும் ஒரு உதவி கேட்டறியாதவர். அவர் ஒரு சாயங்காலம் படிக்கட்டில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கையைக் கூப்பிவிட்டார்.

"நீங்க ஏறுனா எடம் வருது. எடம் வந்தா செவுரு நிக்கறதில்ல. செவுரு நிக்குலீன்னா என்ற புள்ள வர மாட்டா. அவ வந்துட்டுப் போற வரைக்கும் யாரும் ஏற வேண்டாமுங்க."

ஏறின ஆளைப் பாதியில் இறக்கிவிட்டுப் பழக்கமில்லாத சென்னியப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நாங்கள் இறங்கினோம். கடைசியாக இறங்கிய மயிலாத்தாள் திரும்பிப் பார்த்து, "நாங்க கீழ நின்னு ஜன்னல் வழியாப் பேசிக்கறோம் அம்மிணி" என்றார்.

அடுத்த அட்டையை நாட்ராயண்ணன் மூன்று பேருக்காக வெட்டினார், அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அளக்கிற ஆளும் ஒரு ஆள்தானே என்பது இத்தனை நாள் அவருக்கு உறைக்கவே இல்லை. இப்போது அதையே வழியாக்கிக்கொண்டார். "உங்க மவ எடத்துல நா நிக்கறேன்னு நெனச்சுக்குங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் இருவரையும் சீட்டில் உட்கார வைத்து, வேறு யாரும் பிடிக்காமல் தானே பல்லால் டேப்பைக் கடித்துக் கடித்து ஒட்டி முடித்தார். சுவரை இடது பக்கம் மட்டும் ஆணியடித்து நிறுத்தினார், வலது ஓரம் தகரத்தை ஒட்டிச் சும்மா நின்றது, ஆள் குறைந்தால் உடையாமல் கோணலாகச் சாய்ந்துகொள்ளும், மூன்று பேர் ஆனதும் நிமிரும். ஒரு கதவும் வைத்தார்.

பொன்னாத்தாள் சொன்னபடி மருமகளைக் கொண்டுவந்தார். அப்பாவும் அம்மாவும் உள்ளே, நாட்ராயண்ணன் கீழே நின்றிருக்க, சுகந்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறினாள். எட்டு விரல் விடுமோ என்று எங்களுக்குப் பயம். பஸ் நாலு விரல்தான் விட்டது, கோணியிருந்த சுவர் டக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. "வயித்துல இருக்கற வரைக்கும் அம்மா டிக்கெட்டுதான்" என்றார் சென்னியப்பண்ணன். பொன்னாத்தாள் சுவரைத் தொட்டுப் பார்க்க ஒரு காலை எடுத்து வைத்து ஏறினார், வலது ஓரம் திறந்தது. இறங்கினார், மூடியது. மறுபடி ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செவுரு நல்லாத்தான் இருக்குது சம்பந்தி. நாம ஏறாம இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியாஸ்பத்திரியில் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி வந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய மத்தியானம் அது, பைபாஸ் பாலத்துக்கு அடியில் இடுப்பளவு தண்ணீர், ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் விளக்கை எரியவிட்டுக்கொண்டு நின்றது. எங்கள் பக்கம் இருந்த கிராம நர்ஸ் எஸ்தரம்மா பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் ஏறுவதற்காகச் சென்னியப்பண்ணன் இறங்கினார். சுகந்தி, துளசிமணியக்கா, நர்ஸம்மா, மூன்று பேர். சுவர் கச்சிதமாக மூடிக்கொண்டது. ஊரே மழையில் நின்றது. கால் தவறிக்கூட யாரும் படிக்கட்டில் வைக்கவில்லை.

முன் கதவு திறந்திருந்தது. அது வழியாகப் பார்த்தால் இருட்டில் சுவர் மட்டும் தெரியும், அதற்குப் பின்னால் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. சுகந்தியின் குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, பிறகு ஒரு பெரிய மூச்சு. நாங்கள் குழந்தையின் அழுகைக்காகக் காத்திருந்தோம், அழுகை வரவில்லை. உள்ளே நர்ஸம்மா குழந்தையைத் தேய்ப்பதும் தட்டுவதும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. அவர் தலையை ஆட்டிவிட்டுத் துணியை எடுத்தார் என்று துளசிமணியக்கா பின்னால் சொன்னார்.

அப்போதுதான் சுவரின் வலது ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது.

சென்னியப்பண்ணன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு ஒரு விரல் ஆனது. இரண்டு விரல் ஆனது. "நர்ஸம்மா, வுட்டுறாதீங்க" என்று அவர் சொன்னார், சொன்ன குரல் அவருடைய பழைய குரலாக இல்லை. "ஆளு ஏறிட்டு இருக்குது. பஸ்ஸு எடம் குடுக்குது. வுட்டுறாதீங்க." உள்ளே மறுபடி தேய்க்கும் சத்தம் கேட்டது. மூன்று விரல் ஆன வெளிச்சம் அங்கேயே நின்றது, நடுங்கியது, பிறகு எங்கள் கண்ணெதிரில் குறைய ஆரம்பித்தது. இரண்டு விரல். ஒரு விரல். ராக்கியண்ணன் போனபோது அட்டை வளைந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்திருந்தோம். துளசிமணியக்கா உள்ளே இருந்து "சாமி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

சென்னியப்பண்ணன் இரண்டு கையாலும் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார், ஏறவில்லை. அவர் ஏறினால் வருகிற நாலு விரல் யாருடையது என்று தெரியாமல் போய்விடும். கீழே நின்றபடியே தொண்டையைத் திறந்தார்.

"உள்ள வா சாமி. எடம் இருக்குது. முன்னால வா, முன்னால வா, உள்ள எடம் இருக்குது."

எத்தனையோ ஆயிரம் பேரை அழைத்த குரல் அது. மழையைக் கிழித்துக்கொண்டு போனது. மயிலாத்தாள் முதலில் சேர்ந்துகொண்டார், பிறகு நாட்ராயண்ணன், பிறகு நாங்கள் எல்லாரும், கட்சிச் செயலாளர்கூட, நனைந்துகொண்டே ஒரே குரலாக, முன்னால வா, உள்ள எடம் இருக்குது என்று, பஸ் சொல்லிக் கொடுத்ததைத் திரும்ப பஸ்ஸுக்கே சொன்னோம். கோடு மயிரிழை ஆகி நின்றது. நின்றது. பிறகு இரண்டு விரல் ஆனது, மூன்று ஆனது, நாலு விரலும் முழுதாகத் திறந்து, பல்பு வெளிச்சம் படிக்கட்டு வரைக்கும் வந்து சென்னியப்பண்ணன் காலில் விழுந்தது. அப்புறம்தான் குழந்தை அழுதது.

அந்த வெளிச்சத்தில் விழுந்த மழைத்துளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே இருந்து துளசிமணியக்கா கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஏறி வாங்க. பேத்தி."

"நா ஏறுனா செவுரு..."

"செவுரு கெடக்குது. பேத்திக்கு அப்புச்சி நீங்க, ஏறுங்க."

அவர் ஏறினார். அவருக்குப் பின்னால் மயிலாத்தாள் ஏறினார், பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக ஏறினோம். ஈரத்தோடு யாரும் கிட்டே வரக் கூடாது என்று நர்ஸம்மா அதட்டினார், அதனால் சுவருக்கு இந்தப் பக்கமே நின்றோம். ஆனால் வலது ஓரம் அதற்குள் ஒரு வாசல் அகலத்துக்குத் திறந்திருந்தது, அங்கிருந்தே சுகந்தியையும் அவள் மார்பில் கிடந்த சிவப்பு முகத்தையும் எல்லாரும் பார்க்க முடிந்தது. தண்ணீர் வடிந்து ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாட்ராயண்ணனால் மட்டும் பார்க்க முடியவில்லை. ஒரு பக்க ஆணியில் தொங்கிய சுவர் பெண்மேல் சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, பலகையில் கன்னத்தை வைத்தபடி நின்றிருந்தார். துளசிமணியக்கா குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரிடம் வந்து, முகத்துக்கு நேராகப் பிடித்தார். அந்தக் கோபக்காரர் கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கக் கை இல்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, குழந்தையிடமே சொன்னார்:

"இனி நாலு ஆளுக்கு அட்டை வெட்டோணும்."